அவளைப் பற்றி அவளுக்கே ரகசியம்

திங்கட்கிழமை காலையில், கோபம் வந்தால் வெடிப்பாள் என்று வீட்டில் 'பட்டாசு' என்றே கூப்பிடும் சின்னவள், இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையை மாட்டிக்கொண்டாள். அன்றைக்குத்தான் அவள் புது வேலையில் சேர்ந்திருக்க வேண்டும். இப்போது கிளம்பியது அந்த வேலை ஏன் பறிபோனது என்று கேட்க.

போன வாரம் இதே வீட்டில் ஒரே கொண்டாட்டம். புதிதாகத் திறந்த பெரிய ஆஸ்பத்திரியில், குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவில், சின்ன மகளுக்கு நர்ஸ் வேலை. அம்மா தன் தையல் கடைக்கு வந்தவர் போனவருக்கெல்லாம் இனிப்புக் கொடுத்தாள். மாடியில் குடியிருக்கும் தாய்மாமன் போனைக் காதில் வைத்துக்கொண்டு, "என் மருமகடா! நான் வளர்த்த புள்ள!" என்று ஊரையே கூட்டினார். மூத்தவள் தங்கைக்குப் புதுக் கைக்கடிகாரம் வாங்கி வந்தாள். பட்டாசு பழைய ஆஸ்பத்திரியில் ராஜினாமா கொடுத்து, கூட வேலை பார்த்தவர்களிடம் அழுது சிரித்து விடைபெற்றும் வந்துவிட்டாள்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஒரு மின்னஞ்சல் வந்தது. 'பின்னணிச் சரிபார்ப்பு அறிக்கையின் அடிப்படையில் தங்கள் நியமனம் நிறுத்தி வைக்கப்படுகிறது.' அவ்வளவுதான். ஒரு போன் இல்லை. ஒரு விளக்கம் இல்லை. செத்தவனுக்குக்கூட காரணம் எழுதிச் சீட்டுக் கொடுக்கிற காலம் இது.

"பின்னணியாம் பின்னணி! நமக்கென்னடி பின்னணியும் முன்னணியும்?" என்று இந்தக் காலையிலும் அம்மா பொருமிக்கொண்டிருந்தாள்.

"வேற என்னம்மா? மாமா போட்ட கேஸ்தான்" என்றாள் பட்டாசு.

அம்மாவின் கை மாவைப் பிசைவதை நிறுத்தியது. அந்தப் பேச்சு இந்த வீட்டில் எடுக்கப்படுவதில்லை.

அது நடந்து ஏழு வருஷம் ஆகிறது. அப்பா போன புதிது. கீழ்த்தளத்து முன்னறையில்தான் அம்மாவின் தையல் மெஷின். அதைத் தன் பள்ளி வேன் தொழிலுக்கு ஆபீஸாக்க வேண்டும் என்று மாமாவுக்கு ஆசை. தன் அக்காவான அம்மாவிடம் கேட்டார், அவள் மறுத்தாள். ஒருநாள் அம்மா துணி எடுக்கப் போயிருந்த நேரத்தில் மாமா வந்து மெஷினைத் தூக்கி வாசலில் வைத்தார். வீட்டில் பட்டாசு மட்டும். பள்ளி முடித்திருந்த பெண். கத்தினாள், மல்லுக்கட்டினாள், கடைசியில் கதவைத் தள்ளித் தாழ்போட்டாள். வெளியே 'ஐயோ' என்று அலறல். மாமாவின் விரல் எலும்பு முறிந்திருந்தது.

மாமா நேரே போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனார். இரும்புக் கம்பியால் அடித்தாள் என்று எழுதிக் கொடுத்தார். காலையில் அழைத்துப்போன பெண்ணைப் பொழுது சாயும்வரை ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார வைத்தார்கள். அப்புறம் உறவு, இரத்தம், ஒரே வீடு என்று நாலு பேர் பேச, கோர்ட்டில் சமாதானமாகி வழக்கை முடித்து வைத்தார் நீதிபதி. முன்னறை அம்மாவுக்கே என்று ஆனது. மாமாவும் மாறித்தான் போனார். பட்டாசை நர்ஸிங் காலேஜில் கொண்டுபோய்ச் சேர்த்ததே அவர்தான். முடிந்தது என்று எல்லோரும் நினைத்தார்கள்.

"அது முடிஞ்சு எந்தக் காலம்!" என்றாள் அம்மா.

"நமக்கு முடிஞ்சுது. அவங்களுக்கு முடியல போல."

மூத்தவள் ரொட்டியைப் பிய்த்துப் பிய்த்துத் தட்டிலேயே வைத்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு வேலை ஒரு சரிபார்ப்பு நிறுவனத்தில். வேலைக்கு விண்ணப்பிப்பவர்கள் சொன்னதெல்லாம் நிஜமா, போலீஸில் ஏதாவது உண்டா என்று தேடி அறிக்கை அனுப்புகிற கம்பெனி. இப்படிப்பட்ட கம்பெனிகள் பல உண்டு. ஆனால் தங்கைக்கு வந்த மின்னஞ்சலின் கடைசி வரியில் பொடி எழுத்தில் இருந்த பெயர் அவளுடைய கம்பெனியின் பெயர்.

தங்கை அதைக் கவனிக்கவில்லை. மூத்தவளும் சொல்லவில்லை. முதலில் உள்ளே போய் என்னவென்று பார்த்துவிடலாம் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டு, பையை எடுத்துக்கொண்டு எல்லோருக்கும் முன்னால் கிளம்பிவிட்டாள்.

*

ஆஸ்பத்திரியின் அலுவலக மாடியில் எல்லாம் கண்ணாடி. உள்ளே யார் என்ன செய்கிறார்கள் என்று வெளியே இருந்து பார்க்கலாம். கேட்கத்தான் முடியாது.

அம்மாவும் பட்டாசும் போனபோது, வெளி நாற்காலியில் இவர்களுக்கு முன்பே ஒருவர் காத்திருந்தார். காவலாளி வேலைக்கு வந்தவராம். நரைத்த மீசை, துடைத்த ஷூ.

"உங்களுக்கும் சிவப்பா?" என்று கேட்டார்.

"சிவப்புன்னா?"

"கேஸ் இருந்தா சிவப்புக் குறி போடுவாங்களாம்மா. எங்க தெருவுக்குக் குடிதண்ணி கேட்டு ஜனங்களோட ரோட்ல உக்காந்தேன். பிடிச்சு, சாயங்காலமே விட்டாங்க. தண்ணியும் வந்துச்சு. அதையே மறந்துட்டேன். இவங்க மறக்கல."

அவர் உள்ளே போன வேகத்திலேயே வெளியே வந்தார். இவர்கள் பக்கம் திரும்பாமல் லிஃப்டுக்குக்கூடக் காத்திருக்காமல் படியில் இறங்கிப் போனார்.

ஆள்சேர்ப்பு அதிகாரி சின்ன வயதுக்காரர். கழுத்தில் அடையாள அட்டை, முகத்தில் குறையாத சிரிப்பு. அம்மாவுக்கும் ஒரு நாற்காலி போடச் சொன்னார். மரியாதைக்குக் குறைச்சலே இல்லை.

"உங்க நிலைமை எனக்குப் புரியுது மேடம்."

"சந்தோஷம். ரிப்போர்ட்ல என்ன இருக்குன்னு காட்டுங்க சார்" என்றாள் பட்டாசு.

"அது ரகசியம். வெளியாளுக்குக் காட்டக் கூடாதுன்னு விதி."

"யாரைப் பத்தின ரிப்போர்ட் சார் அது?"

"உங்களைப் பத்தினதுதான்."

"அப்ப நான் எப்படி வெளியாள் ஆவேன்?"

சிரிப்பு கொஞ்சம் குறைந்தது. "மேடம், சில வேலைகளுக்கு நாங்க ரொம்பக் கவனமா இருக்கணும். பச்சைக் குழந்தைங்க இருக்கிற வார்டு."

"பழைய ஆஸ்பத்திரியிலயும் பச்சைக் குழந்தைங்க வார்டுலதான் இருந்தேன். உள்ளங்கை அளவு இருந்த குழந்தைகளை ராத்திரி பூரா மூச்சை எண்ணிக்கிட்டுப் பாத்திருக்கேன். அங்க ஒரு போன் பண்ணிக் கேட்டீங்களா?"

"அது வேற பிரிவோட வேலை மேடம்."

அம்மா முன்னால் நகர்ந்து உட்கார்ந்தாள். "தம்பி, நான் தையக்காரி. தைச்ச துணி சரியில்லைன்னு திருப்பிக் கொண்டுவர்றவங்க, எங்க இடிக்குது, எங்க தொங்குதுன்னு சொல்லுவாங்க. சரியில்லைன்னு மட்டும் சொல்லி மூஞ்சில விட்டெறிஞ்சா நான் எதைப் பிரிச்சு எதைத் தைக்கிறது?"

அதிகாரி திரையைப் பார்த்தார். பெருமூச்சு விட்டார். "கேஸ் ஒண்ணு இருந்துச்சா, இல்லையா? அதை மட்டும் சொல்லுங்க."

"இருந்துச்சு. முடிஞ்சுது."

"அபாயகரமான ஆயுதத்தால தாக்கிக் காயப்படுத்தினதா இங்க இருக்கு. முடிஞ்சதா இல்லையே. 'இறுதி நிலை: தகவல் இல்லை'ன்னுதான் இருக்கு."

"தகவல் இல்லைன்னா தேடணும் சார். தேடாம விட்டுட்டு என்னைக் குத்தவாளின்னு வச்சுக்கலாமா?"

"குத்தவாளின்னு நாங்க சொல்லலையே. ரிஸ்க்னுதான் சொல்றோம்." அவர் ஏதோ கண்டுபிடித்தவர்போல நிமிர்ந்தார். "அதைவிடப் பெரிய விஷயம் ஒண்ணு இருக்கு மேடம். விண்ணப்பத்துல நீங்க 'இல்லை'ன்னு குறிச்சிருக்கீங்க. மறைச்சிருக்கீங்க."

பட்டாசின் காது மடல் சிவந்தது. அம்மாவுக்கு அந்த அடையாளம் தெரியும். மகளின் முழங்கையைத் தொட்டாள்.

"கேள்வியைப் படிங்க சார். சத்தமாப் படிங்க."

அவர் படித்தார். "'நீங்கள் எப்போதாவது குற்றத்துக்காகத் தண்டனை பெற்றதுண்டா?'"

"நான் தண்டனை வாங்கினேனா?"

"இல்ல... ஆனா நீங்களா முன்வந்து..."

"கேட்ட கேள்விக்கு உண்மையைச் சொன்னேன், அது மறைச்சதாம். கேக்காததையும் சொல்லியிருந்தா வாசல்லயே திருப்பி அனுப்பியிருப்பீங்க. எப்படிச் சொன்னா என்னை உள்ள விடுவீங்கன்னு ஒரு தடவை சொல்லுங்க, கேட்டுக்கறேன்."

அவர் மறுபடி திரையைப் பார்த்துக்கொண்டார். இருந்தாலும் கெட்ட மனிதர் என்று சொல்லிவிட முடியாது. தன் மேசைக்கு வந்ததைத் தள்ளிவிடுகிற மனிதர். உலகத்தில் பாதி அநியாயம் இப்படிப்பட்ட நல்லவர்களின் மேசை வழியாகத்தான் போகிறது.

கடைசியில் குரலைத் தணித்துக்கொண்டு சொன்னார். "புதன்கிழமை காலையில குழு கூடுது. அதுக்குள்ள கோர்ட் உத்தரவோட முத்திரை போட்ட நகலைக் கொண்டுவாங்க. இணையப் பக்கத்துல எடுத்தது செல்லாது."

"சனிக்கிழமையே இவகிட்டக்கூடச் சொல்லாம நான் போய்க் கேட்டேன் தம்பி. பழைய கட்டெல்லாம் வேற கட்டடத்துல இருக்காம், மாசக்கணக்கில ஆகுமாம்" என்றாள் அம்மா.

"அப்படின்னா புகார் கொடுத்தவரே நேர்ல வந்து, நடந்தது வேறன்னு சொல்லட்டும். குழுவில எடுத்துச் சொல்லிப் பாக்கறேன். அதுக்கு மேல என் கையில இல்ல."

வெளியே வந்ததும் அம்மாவின் முகத்தில் வெளிச்சம். "இவ்வளவுதானா! உன் மாமன் மாடியிலதானடி இருக்கான். கையோட கூட்டிட்டு வந்துடலாம்."

பட்டாசு அம்மாவைப் பார்த்தாள். "வருவாரா?"

"ஏன் வரமாட்டான்? ஊரெல்லாம் போன் போட்டானே, நான் வளர்த்த புள்ளன்னு!"

*

அதே நேரத்தில் மூத்தவள் தன் ஆபீஸில் பக்கத்து மேசைக்காரியிடம் கெஞ்சிக்கொண்டிருந்தாள்.

"ஒரு நிமிஷம் திறந்து காட்டு. நான் எதையும் தொடமாட்டேன்."

"சொந்தக்காரங்க ஃபைலைப் பாக்கக் கூடாதுன்னு தெரியுமில்ல?"

"தெரியும். என் கூடப்பிறந்தவ."

பக்கத்து மேசைக்காரி சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுத் திறந்தாள். தங்கையின் புகைப்படம், அதன்மேல் சிவப்புப் பட்டை. கீழே போலீஸ் புகாரின் சுருக்கம். அதற்கும் கீழே 'நேரடி விசாரணை' என்ற தலைப்பில் இரண்டே வரி. 'அதே வீட்டில் வசிக்கும் தாய்மாமன் உறுதி செய்தார். அடிதடி வழக்கு இருந்தது. கோபக்காரர்.'

மூத்தவள் அந்த இரண்டு வரியையும் மறுபடி மறுபடி படித்தாள். மாமாவா? இப்போதா?

நேரே டீம் லீடரிடம் போனாள். கோர்ட்டின் இணையப் பக்கத்தில் வழக்கு எண்ணைத் தட்டினால் சமாதானமாகி முடிந்தது என்று வருகிறது, நகல் கிடைக்காவிட்டாலும் அதைப் பார்த்து ஒரு வரி சேர்க்கலாமே என்றாள்.

டீம் லீடர் பொறுமையாகக் கேட்டார். "அந்த ஆஸ்பத்திரி வாங்கியிருக்கிறது அடிப்படை பேக்கேஜ்தானே? அதுல புகார் இருக்கா இல்லையான்னு மட்டும்தான் வரும். வழக்கு என்னாச்சுன்னு பாக்கிறது அடுத்த பேக்கேஜ்."

"புகாரை மட்டும் சொல்லிட்டு முடிவைச் சொல்லாம விட்டா அது பொய் இல்லையா சார்?"

"நம்ம சொன்னது எதுவும் பொய் இல்லையே. புகார் இருந்தது, இருந்ததுன்னு சொன்னோம்."

"ஒருத்தனை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போனாங்கன்னு வீட்டுக்குச் சொல்லி அனுப்பிட்டு, அவன் குணமாகி வந்துட்டான்கிறதைச் சொல்லணும்னா தனியா ஒரு தொகை கொடுன்னு கேப்பீங்களா?"

டீம் லீடரின் பொறுமை அங்கே தீர்ந்தது. "இது உங்க தங்கச்சி கேஸ்னு தெரியுது. அந்த ஃபைல் பக்கம் போனீங்கன்னா உங்க வேலையும் போகும். விண்ணப்பதாரர் தனக்கு ஆட்சேபம் இருந்தா வேலை கொடுக்கிற நிறுவனத்தைத்தான் கேக்கணும். இது உங்களுக்குத் தெரியாததா?"

தெரியாதது இல்லை. எத்தனையோ பேரிடம் போனில் அவளே சொன்ன வாக்கியம் அது. ஒரு லாரி டிரைவர், குரல் உடைந்து, "அது என் அண்ணன் சண்டைம்மா, நான் விலக்கிவிடத்தான் போனேன்" என்று சொல்லச் சொல்ல, இதே வாக்கியத்தைச் சொல்லிப் போனை வைத்திருக்கிறாள். அப்போது அது வெறும் மனப்பாட வாக்கியமாக இருந்தது. இன்றைக்கு அது திரும்பி அவள் வாசலுக்கே வந்து நிற்கிறது. நெருப்பு பக்கத்து வீட்டில் எரிந்தவரைக்கும் அவளுக்குச் சுடவில்லை.

அரைநாள் விடுப்பு என்று சொல்லிவிட்டு எழுந்து நடந்தாள்.

*

சாயங்காலம் மூன்று பேரும் மாடி ஏறினார்கள்.

மாமா காலை நீட்டி டி.வி. பார்த்துக்கொண்டிருந்தார். அவர் மனைவியான அத்தை உலர்ந்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். அத்தை எப்போதும் ஏதாவது மடித்துக்கொண்டோ துடைத்துக்கொண்டோதான் இருப்பாள். இந்த வீட்டில் அவள் குரலைக் கேட்பது அபூர்வம். மாமா இருவருக்கும் சேர்த்துப் பேசிவிடுவார்.

"என்னடி பட்டாசு, புஸ்ஸுன்னு ஆயிட்ட?" என்று சிரித்தார் மாமா. "அந்த ஆஸ்பத்திரி இல்லைன்னா இன்னொண்ணு. விட்டுத்தள்ளு."

மூத்தவள் உட்காரவில்லை. "மாமா, கொஞ்ச நாள் முன்னாடி பட்டாசைப் பத்தி விசாரிக்க வீட்டுக்கு யாராவது வந்தாங்களா?"

"வந்தானே ஒரு பையன். வெயில்ல வந்தான்னு டீகூடக் கொடுத்தேன்."

"என்ன சொன்னீங்க?"

"தங்கமான பொண்ணுன்னு சொன்னேன். அம்மாவைத் தாங்குவான்னு சொன்னேன். கொஞ்சம் கோபக்காரின்னு சொன்னேன், அது பொய்யா? ஏதாவது கேஸ் உண்டான்னு கேட்டான். ஒண்ணு இருந்துச்சு தம்பி, நானே போட்டதுதான், அதெல்லாம் முடிஞ்ச கதைன்னு சிரிச்சுக்கிட்டே சொன்னேன். அவனும் சிரிச்சான்."

"தங்கம் அதுல வரல மாமா. முடிஞ்ச கதையும் வரல. கேஸ் இருந்துச்சு, கோபக்காரி, இந்த ரெண்டு மட்டும்தான் வந்துச்சு."

"உனக்கெப்படித் தெரியும்?" என்றாள் பட்டாசு.

மூத்தவள் தங்கையின் கண்ணைப் பார்க்காமல் சொன்னாள். "ரிப்போர்ட் கொடுத்தது எங்க கம்பெனி."

"எப்ப தெரியும் உனக்கு?"

"வெள்ளிக்கிழமையே."

"வெள்ளிக்கிழமை ராத்திரி என் பக்கத்துலதானேக்கா படுத்திருந்த? நான் அழுதப்ப முதுகைத் தடவிக் கொடுத்த?"

"பயமா இருந்துச்சுடி. உன்கிட்ட எந்த மூஞ்சியோட சொல்றது? என்ன பண்ண முடியும்னு பாத்துட்டு சொல்லலாம்னு இருந்தேன். ஒண்ணும் பண்ண முடியல." அவள் குரல் கம்மியது. "இனிமே அங்க உக்காந்து அந்தச் சிவப்பைப் போட என் கை வராது."

பட்டாசு, அக்காவோடு தீர்க்க வேண்டியதைப் பிறகு தீர்த்துக்கொள்ளலாம் என்பதுபோல மாமாவின் பக்கம் திரும்பினாள்.

"மாமா, புதன்கிழமை என்கூட ஆஸ்பத்திரிக்கு வாங்க. நான் கம்பியால அடிக்கலைன்னு சொல்லுங்க. கதவுல விரல் மாட்டுச்சுன்னு சொல்லுங்க. அது போதும்."

மாமாவின் கால் மடங்கியது. டி.வி.யின் சத்தத்தைக் குறைத்தார்.

"அதெப்படிம்மா முடியும்?"

"ஏன் முடியாது?" என்றாள் அம்மா.

"அக்கா, நீ யோசிச்சுப் பேசு. கம்பியால அடிச்சான்னு போலீஸ்ல கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கேன். இப்ப இல்லைன்னா பொய்ப் புகார்னு ஆகும். அந்தப் பெரிய ஸ்கூலுக்கு வேன் ஓட்ட ஒப்பந்தம் கேட்டிருக்கேன். அவங்களும் இதே மாதிரி என்னையும் டிரைவர்களையும் சோதிப்பாங்க. பொய்ப் புகார் கொடுத்தவன்னு என் பேர்ல ஒரு கறை விழுந்தா அத்தனை வேனும் ஷெட்டுலதான் நிக்கும்."

"அப்ப உனக்கு அது கறைன்னு தெரியுது" என்றாள் அம்மா.

"அக்கா..."

"உன் பேர்ல விழுந்தா கறை. இவ பேர்ல விழுந்தா முடிஞ்ச கதை. டீ கொடுத்துச் சிரிச்சுக்கிட்டே சொல்ற கதை!"

அம்மா தம்பியிடம் குரல் உயர்த்தி யாரும் கேட்டதில்லை. மாமா திகைத்துப்போனார்.

"கோர்ட்டுல அன்னிக்கு இவ என்ன சொன்னா தெரியுமாடா? 'சமாதானம் வேண்டாம்மா, நான் அடிக்கலைன்னு நீதிபதி சொல்லட்டும், எவ்வளவு நாள் ஆனாலும் பரவாயில்ல'ன்னா. நான்தான் இவ வாயை அடைச்சேன். மாமன் மானம் போயிடும்டி, விட்டுடுன்னேன். பெத்த பொண்ணோட மானத்தை எடுத்து உன் மானத்துக்கு ஒட்டுப் போட்டேன்டா நான்!"

"நான் இவளுக்கு ஒண்ணுமே பண்ணலையா? நர்ஸிங் காலேஜுக்கு யார் கூட்டிட்டுப் போனது?"

"நீங்கதான் மாமா" என்றாள் பட்டாசு. கத்துவாள் என்று எதிர்பார்த்த எல்லோருக்கும் அந்தத் தணிந்த குரல் பயமாக இருந்தது. "அதுக்கு முன்னாடி ஸ்டேஷனுக்கு அனுப்பினதும் நீங்கதான். காலேஜுக்குக் கூட்டிட்டுப் போனதை எல்லார்கிட்டயும் சொல்றீங்க. இன்னொண்ணை ஒரே ஒரு இடத்துல வந்து சொல்லுங்கன்னுதான் கேக்கறேன்."

மாமா முகத்தைத் துடைத்துக்கொண்டார். "எனக்குத் தெரிஞ்ச டாக்டர் ஒருத்தர் கிளினிக் வச்சிருக்கார். நாளைக்கே பேசறேன். அங்க இந்தச் செக்கு கிக்கு எதுவும் கிடையாது."

"செக் இல்லாத இடமாப் பாத்து ஒளிஞ்சுக்க நான் என்ன திருடியா மாமா? படிச்சிருக்கேன். பரீட்சை எழுதி, மூணு ரவுண்டு தேறி வாங்கின வேலை. எனக்கு அதுதான் வேணும்."

"அப்ப உன் இஷ்டம். என்னால வர முடியாது."

ரிமோட்டை எடுத்துச் சத்தத்தைக் கூட்டினார். பேச்சு முடிந்தது என்று அர்த்தம்.

அத்தை கையிலிருந்த சட்டையைப் பாதி மடித்தபடி அப்படியே வைத்திருந்தாள். அவளை யாரும் கவனிக்கவில்லை.

*

மூன்று பேரும் கீழே வந்தார்கள். அம்மா மெஷினுக்கு முன்னால் உட்கார்ந்தாள், துணியை எடுக்கவில்லை. மூத்தவள் தண்ணீர் கொண்டுவந்து தங்கையிடம் நீட்டினாள். பட்டாசு வாங்கிக்கொண்டாள். குடிக்கவில்லை. ஆனால் வாங்கிக்கொண்டாள்.

"அந்த நரைச்ச மீசைக்காரர் ஒண்ணும் பேசாம படி இறங்கிப் போனாரும்மா" என்றாள் பட்டாசு திடீரென்று. "நானும் அப்படிப் போயிடணும்னுதான் இவங்க எல்லாரும் எதிர்பாக்கறாங்க. நான் போகமாட்டேன். புதன்கிழமை தனியாவே போறேன். குழு முன்னாடி நின்னு கேக்கறேன்."

"தனியா ஏன்? நான் வரேன்" என்றாள் மூத்தவள். "அந்தக் கம்பெனியில வேலை பாக்கறவளாவே வந்து, அவங்க அனுப்பின ரிப்போர்ட் அரைகுறைன்னு சொல்றேன். அப்புறம் வேலை போனா போகட்டும்."

கதவு திறந்தது. அத்தை நின்றிருந்தாள். கையில் எதுவும் இல்லை. மடிக்கவும் துடைக்கவும் எதுவும் இல்லாமல் அவளைப் பார்ப்பதே புதிதாக இருந்தது.

"உக்காருங்க அத்தை" என்றாள் மூத்தவள்.

அத்தை உட்காரவில்லை. பட்டாசைப் பார்த்தே பேசினாள்.

"அன்னிக்கு நான் மாடிப்படியில நின்னேன். மேலேருந்து எல்லாம் தெரிஞ்சுது. நீ கதவைச் சாத்தறப்ப அவர் விரல் அங்க இல்ல. நீ சாத்தி உள்ள தாழ் போட்டுட்ட. அதுக்கு அப்புறம் அவர் கோபத்துல வெளியில இருந்த இரும்புக் கேட்டைப் பிடிச்சு இழுத்து அறைஞ்சார். தன் விரல்மேலயே அறைஞ்சுக்கிட்டார்."

பட்டாசு தண்ணீர்க் குவளையைத் தரையில் வைத்தாள். கம்பியால் அடிக்கவில்லை என்று அவளுக்குத் தெரியும். ஆனால் தான் சாத்திய கதவில்தான் அந்த விரல் முறிந்தது என்று இத்தனை காலம் அவளும் நம்பியிருந்தாள். மாமாவின் கோணிப்போன விரலைப் பார்க்கும்போதெல்லாம் ஒரு குற்றவுணர்ச்சியோடுதான் அவருக்குக் காபி கொடுத்திருக்கிறாள்.

"அது... நான் இல்லையா அத்தை?"

"நீ இல்லம்மா."

அம்மா எழுந்து நின்றாள். "பாத்தேன்னு இப்ப வந்து சொல்றியே! இத்தனை வருஷம் ஏன் சொல்லல?"

அத்தை அம்மாவை நேராகப் பார்த்தாள்.

"யாரும் என்னைக் கேக்கல அண்ணி. போலீஸ் வந்தப்ப அவரைக் கேட்டாங்க. கோர்ட்டுல அவரையும் இவளையும் கேட்டாங்க. அந்த விசாரிக்க வந்த பையன்கூட, டீ கொண்டுபோய்க் கொடுத்தது நான், கேட்டது அவரை. நீங்களும் கேக்கல." கொஞ்சம் நிறுத்தினாள். "கேக்காட்டியும் சொல்லியிருக்கணும். தப்புதான். பயந்தேன்."

"இப்ப பயமில்லையா?" என்று அம்மா கேட்டாள். குரலில் இன்னும் சூடு தணியவில்லை.

"இருக்கு."

மாடியிலிருந்து மாமாவின் குரல் வந்தது. "கீழ என்ன பண்ற? மேல வா!"

அத்தை பதில் கொடுக்கவில்லை. இரண்டாவது முறை கூப்பிட்டார். அவள் மூத்தவள் காட்டிய நாற்காலியில் இப்போது உட்கார்ந்தாள்.

படியில் தடதடவென்று செருப்புச் சத்தம். கதவுக்கு வெளியே ஒரு கணம் நின்றது. உள்ளே வருவார் என்று எல்லோரும் காத்திருந்தார்கள். வரவில்லை. வாசலில் வேன் உறுமியது. பின்னோக்கி எடுத்த வேகத்தில் தெருவில் யாரோ திட்டினார்கள். சத்தம் தூரத்தில் போய்க் கரைந்தது.

"எங்க போறார் அத்தை?" என்றாள் மூத்தவள்.

"தெரியல. வக்கீலைப் பாக்கவோ, ஸ்டேஷனுக்கோ."

அத்தை புடவைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு பட்டாசின் பக்கம் திரும்பினாள்.

"அவர் எங்க வேணா போகட்டும். புதன்கிழமை நாம எத்தனை மணிக்குக் கிளம்பணும்?"